பூசைக்கு வைத்த கம்பியூட்டர்

எங்கள் வீட்டில் ஒரு சாமான் பழுதானால், அதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். விஜயதசமி அன்று காலையில் என் கம்பியூட்டர் மக்கர் பண்ணியபோதும் அப்படித்தான். முதலில் மாமா வந்தார். மாமா என்றால் என் கணவரின் அப்பா. பிறகு என் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்தார். பிறகு பக்கத்துக் காம்பரா அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து கதவில் சாய்ந்துகொண்டார். லயம் என்றால் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள், ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் ஒரு சுவர்தான் இடையில் இருக்கிறது, நான் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றியது. திரையில் எழுத்து வரப்போகிற மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. வந்ததும் எல்லாம் பொட்டென்று அணைந்தது. சரி, செத்துவிட்டது என்று நான் கையை எடுத்தால், யாரும் தொடாமலே அதற்கு மறுபடியும் உயிர் வந்தது. மறுபடியும் எரிந்தது, சுற்றியது, அணைந்தது. முழுசாகக் கெட்டுப்போயிருந்தால்கூட அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். இது என்னை அழவும் விடவில்லை.

"கரண்டு பத்தல. மழ பேஞ்சா எங்க வீட்டு டிவியும் இப்பிடித்தான் கண்ண சிமிட்டும்" என்றார் அக்கா.

"பேட்டரி வீக்கா இருக்கும் புள்ள. ஆட்டோவும் காலையில இப்பிடித்தான் இருமும். கொஞ்சம் தள்ளிவிட்டா கெளம்பிரும்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். உலகத்தில் உள்ள எல்லாப் பழுதுக்கும் அவரிடம் ஆட்டோவிலிருந்து ஒரு விளக்கம் இருக்கும்.

"எங்கிட்டுத் தள்ளுறது? லயத்துக்குக் கீழயா?" என்று கேட்டேன். அவர் வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டார்.

மாமா எல்லோரையும்விட நிதானமாக இருந்தார். "இது திருஷ்டி தாயி. இந்த லயத்துல வேற யாருகிட்ட இப்பிடி ஒரு சாமான் இருக்கு? பாக்குறவன் கண்ணு சும்மாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அடுப்படியில் எலுமிச்சம்பழம் தேடப் போனார்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஏனென்றால் மறுநாள் மாலை ஆறு மணிக்குள் அந்தப் பெட்டிக்குள் இருப்பதை நான் அனுப்பியாக வேண்டும்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் தங்கள் குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் கொடுப்பது, தூங்க வைப்பது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, மூக்குத் துடைப்பது எல்லாம் நாங்கள்தான். இத்தனை வருடம் செய்தும் நான் தற்காலிகம்தான். நிரந்தரமாக்க வேண்டுமென்றால் சிறு பிள்ளைக் கல்வியில் டிப்ளோமா வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். படித்தேன். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தேன். மிச்சமிருந்தது கடைசி அறிக்கை ஒன்றுதான். எங்கள் மடுவத்துப் பிள்ளைகள் எப்படிப் பேசத் தொடங்குகிறார்கள், என்ன வரைகிறார்கள், எதைக் கேட்டு அழுகிறார்கள் என்று ஒரு வருடம் முழுக்கக் கவனித்து எழுதியது. அது போய்ச் சேராவிட்டால் படிப்பு இன்னொரு வருடம் இழுக்கும். அதற்குள் சான்றிதழோடு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து என் இடத்தில் போட்டுவிடுவார்கள். அதையும் சிரித்த முகத்தோடு என்னிடமே சொல்லியிருந்தார்கள்.

பென் டிரைவில் போட்டு வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அன்று எல்லோரும் கேட்டார்கள். ஆட்டோவில் ஏறிய ஒரு பயணிகூடக் கேட்டதாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். போட்டுத்தான் வைத்திருந்தேன். ஆனால் அதில் இருந்தது பாதி அறிக்கை. மீதிப் பாதியை எழுதி முடித்த அன்றுதான் சரஸ்வதி பூசை வந்துவிட்டது.

பூசை விஷயத்தில் மாமாவோடு பேசி வெல்ல முடியாது. நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் தோட்டத்து ஸ்டோரில் அவர் காலமெல்லாம் வேலை செய்தவர். ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே ஆயுத பூசை என்றால் கொழுந்து அரைக்கும் ரோலரையெல்லாம் கழுவித் துடைத்து, அதற்கெல்லாம் சந்தனம் வைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு அமர்க்களப்படுத்துவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்த அமர்க்களம் முழுவதும் எங்கள் காம்பராவுக்குக் குடிவந்துவிட்டது. அரிவாள், தையல் மெசின், ஸ்பேனர் பெட்டி, மகளின் பள்ளிக்கூடப் பை, என் புத்தகங்கள் என்று எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார். அப்புறம் கம்பியூட்டரைப் பார்த்தார்.

"மாமா, அது வேணாம். நாளைக்கு எனக்கு வேல இருக்கு" என்றேன்.

"அதுவும் ஆயுதந்தானே தாயி? ராவைக்கு வச்சிட்டு காலையில எடுத்தா என்ன கொறஞ்சிரும்?"

காலையில் எடுக்கலாம், அதற்கப்புறம் இரண்டு நாள் இருக்கிறது, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டியதுதான் என்று நானும் விட்டுவிட்டேன். மாமா சந்தனத்தை மஞ்சளோடு சேர்த்துப் பன்னீர் விட்டுத் தோசை மாவுப் பதத்தில் குழைத்தார். கம்பியூட்டர் பெட்டிக்கு மூன்று பட்டை, திரைக்கு ஒரு பொட்டு, விசைப்பலகைக்கு ஓரமாக ஒன்று, மவுஸ் என்கிற எலிக்குக்கூட முதுகில் ஒன்று. விபூதியும் குங்குமமும் அதன் மேல். மறுநாள் காலையில் பார்த்தபோது வீட்டில் நான் தொட்டதெல்லாம் சந்தனமாகத்தான் இருந்தது. அதனால் எதையும் நான் குறிப்பாகக் கவனிக்கவில்லை. ஈரத்துணியால் மேலாகத் துடைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். அப்போது ஆரம்பித்ததுதான் இந்தக் கூத்து.

பதுளையில் நாங்கள் கம்பியூட்டர் வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் விஜயதசமிக்குக் கடையைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"பீப் சத்தம் வருதாங்க?" என்று கேட்டார்.

"சத்தம் வர்றதுக்குள்ள செத்துருதுங்க."

"அப்ப ரேம் மெமரியிலதான் கோளாறா இருக்கும். பக்கத்து மூடியக் கழட்டுங்க. உள்ள நீட்டமா, பச்சையா ஒரு பலகை நிக்கும். அத உருவி, தங்கக் கலர் இருக்கிற பக்கத்த அழிறப்பரால நல்லாத் தேயுங்க. தேச்சு மாட்டுனா ஓடும்."

வயர்களைக் கழற்றி, மூடியையும் கழற்றினேன். உள்ளே இருந்த தூசியைப் பார்த்தால் அது என் வீடு என்று வெளியில் சொல்ல முடியாது. பலகையை உருவினேன். மகளின் பென்சில் பெட்டியில் இருந்தது ஸ்ட்ராபெரி வாசம் அடிக்கும் அழிறப்பர். அதை வைத்துத் தேய்த்தேன். ஒரு பக்கம் எலுமிச்சம்பழத்தோடு மாமா பெட்டியைச் சுற்றுகிறார், இன்னொரு பக்கம் நான் ஸ்ட்ராபெரி வாசத்தோடு தேய்க்கிறேன். எங்கள் இரண்டு பேரில் யார் விஞ்ஞானி என்று வெளியாள் ஒருவர் வந்தால் சொல்லியிருக்க முடியாது.

மாட்டினேன். அமுக்கினேன். எரிந்தது, சுற்றியது, அணைந்தது.

வயரை மாற்றினேன். வேறு பிளக்கில் குத்தினேன். அக்கா வீட்டுக்கு இழுத்துப் போய், அவர் வீட்டுக் கரண்டிலும் பார்த்தேன். அது அங்கேயும் போய் எரிந்து அணைந்து எங்கள் மானத்தை வாங்கியது. அக்கா மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி, "மாதாகிட்டச் சொல்லிட்டேன். இனி அவங்க பாத்துக்குவாங்க" என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். அவரும் மாதா படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவருக்கு யார் உதவினாலும் சரிதான்.

அன்று மத்தியானத்துக்கு மேல் வழக்கம்போல இடி மின்னல். எல்லா வயரையும் பிடுங்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். அறிக்கையின் மீதிப் பாதியைக் கையால் எழுதி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிள்ளைகள் வரைந்த படங்களை என்ன செய்வது? ஒரு பிள்ளை தன் அம்மாவைக் கொழுந்துக் கூடையாகவே வரைந்திருந்தது. கூடைக்குக் கீழே இரண்டு கால், அவ்வளவுதான் அம்மா. அதைப் பற்றி நான் எழுதியிருந்த பக்கம்தான் அந்த அறிக்கையிலேயே எனக்குப் பிடித்த பக்கம். அதைத் திருப்பி அப்படியே எழுத என்னால் முடியாது.

மறுநாள், கடைசி நாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. என்னோடு மடுவத்தில் வேலை செய்பவர் பூசைக்குப் போன ஊரிலிருந்து திரும்பவில்லை, பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஆகவே என் வீட்டுக்காரர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவின் பின் சீட்டில் கைக்குழந்தையைப் போல வைத்துப் பதுளைக்குக் கொண்டுபோனார். எங்கள் தோட்டத்து ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பசறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆளுக்கே எலும்பு இடம் மாறிவிடும்.

அன்று மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது என் போன் கூடையில் கிடந்தது. மடுவத்தில் சிக்னல் கிடைக்காது. அவர் கடையிலிருந்து எனக்கு எத்தனையோ முறை போன் அடித்திருக்கிறார். ஒன்றும் வந்து சேரவில்லை.

மாலையில் பிள்ளைகளையெல்லாம் தாய்மாரிடம் ஒப்படைத்துவிட்டு லயத்துக்கு ஓடி வந்தேன். கம்பியூட்டர் அதன் மேசையில் இருந்தது. என் வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"கடையில குத்துன ஒடனே ஓடிருச்சு புள்ள! ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாத்தாரு. அணையவே இல்ல. ஒண்ணுமில்ல, வெறும் தூசிதான்னு ஊதி அனுப்பிட்டாரு."

"ஓடுச்சா? அப்ப என் அறிக்கைய பென் டிரைவுல எடுத்தீங்களா?"

அவர் முகத்தில் இருந்த பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

"அதக் கேக்கத்தான் புள்ள ஒனக்கு போன் பண்ணேன். நீ எடுக்கல."

ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் அது பதுளையில் யாருக்காகவோ அழகாக ஓடியிருக்கிறது. நான் வயர்களை மாட்டினேன். சரி, ஓடுகிறதல்லவா, அது போதும். மனசுக்குள் மாதாவுக்கும் சரஸ்வதிக்கும் ஆளுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

எரிந்தது. சுற்றியது. அணைந்தது. தானாக எரிந்தது. அணைந்தது.

நான் கத்திய கத்தலில் அக்கா வீட்டு நாய் குரைத்தது. என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. கடைக்காரர், ரோடு, ஆட்டோ, டிப்ளோமா, எங்கள் கலியாணம் என்று ஒன்றையும் விடவில்லை. கத்தி முடித்து முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். மூக்கில் சந்தன வாசம் அடித்தது.

ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நுனியில் ஈரமான சந்தனம்.

பூசை முடிந்து இரண்டு நாளாகிறது. இந்தச் சந்தனம் எப்படி ஈரமாக இருக்கிறது? குனிந்து பெட்டியைப் பார்த்தேன். மூன்று பட்டையும் முன்பே போய்விட்டிருந்தன. ஆனால் பொத்தானின் நட்ட நடுவில், புத்தம் புதிதாக, ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவில் ஒரு பொட்டு. நான் அமுக்கிய அமுக்கில் சந்தனம் பொத்தானைச் சுற்றியிருந்த இடுக்கெல்லாம் இறங்கியிருந்தது. பொத்தான் உள்ளே போனது மேலே வரவில்லை. விரலால் தட்டினால் பசை போட்ட மாதிரி ஒட்டி ஒட்டி அசைந்தது. அது அமுங்கியே கிடந்தால் கம்பியூட்டர் என்ன செய்யும்? நாமே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்து அணையும். பசை கொஞ்சம் விட்டுக்கொடுத்ததும் மறுபடி எரியும். பதுளை ரோட்டில் குலுங்கிக் குலுங்கிக் காய்ந்த சந்தனம் உதிர்ந்துவிட்டிருக்கிறது, அதனால்தான் கடையில் ஓடியிருக்கிறது.

"யாரு இதுல பொட்டு வச்சது?"

யார் என்று எனக்குத் தெரியாதா என்ன?

மாமா வாசலில் நின்றார். "பழுதுபாத்து வந்த சாமான் தாயி. வீட்டுக்குள்ள எடுக்கக்குள்ள ஒரு பொட்டு வைக்காம எப்பிடி?"

"அன்னைக்கும் இங்கதான் வச்சீங்களா?"

"ஆமா. அங்கதான் மொதல்ல வச்சேன்."

"இவ்வளவு பெரிய பெட்டி! இந்தப் பக்கம் இருக்கு, அந்தப் பக்கம் இருக்கு, மேல இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு ஒங்களுக்கு இந்தப் பட்டன்தானா கெடச்சுச்சு?"

மாமா முற்றத்தில் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அவரிடம் சண்டை போடவும் நேரமில்லை. சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் ஊக்கைக் கொண்டுவந்து பொத்தானைச் சுற்றி நெம்பினார். "மெதுவா, மெதுவா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். டக் என்று ஒரு சத்தம். பொத்தானின் பிளாஸ்டிக் மூடி உடைந்து பெட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். ஓட்டைக்குள்ளே ஆழத்தில், மிளகளவில் ஒரு குட்டிப் பொத்தான் சுத்தமாக இருந்தது. விரல் நுழையவில்லை. ஊக்கு இரும்பு, அதை உள்ளே நுழைக்க எனக்குப் பயம். சாமி படத்தடியில் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி ஒன்று கிடந்தது. அதை உள்ளே விட்டு மெல்லத் தொட்டேன்.

எரிந்தது. சுற்றியது. திரையில் எழுத்து வந்தது. அணையுமென்று காத்திருந்தேன். அணையவில்லை. என் அறிக்கை, கூடைக்குக் கீழே இரண்டு காலோடு நிற்கும் அந்த அம்மா, எல்லாம் அப்படியே இருந்தது.

இன்னொருமுறை படித்துப் பார்க்கும் நினைப்பையெல்லாம் விட்டுவிட்டேன். எங்களுக்கு இன்டர்நெட் போனில்தான், ஜன்னலோரத்தில் மட்டும்தான் இரண்டு கோடு சிக்னல் காட்டும். என் வீட்டுக்காரர் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலிக்கிறது என்றார். வலிக்கட்டும் என்றேன். நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போனது. பாதியில் நின்றது. மறுபடி ஊர்ந்தது. ஆறு அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கிடைத்துவிட்டது என்று பதில் வந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கோபம் மட்டும் போகவில்லை. மாமா உள்ளே வந்து, தேத்தண்ணீர் ஊற்றி, என் பக்கத்தில் வைத்தார். நான் தொடவில்லை. அவரும் போகவில்லை.

"ஸ்டோருல ஆயுத பூசைக்கு நாங்கதான் எல்லாஞ் செய்வோம்" என்றார். "மெசினக் கழுவுறது நாங்க. சந்தனம் வைக்கிறது நாங்க. தேங்கா ஒடைக்கிறதும் நாங்கதான். எல்லாம் முடிஞ்சதும் தோட்டத்துத் தொர வருவாரு. இல்லன்னா ஸ்டோரப் பாத்துக்கிற டீமேக்கர் ஐயா வருவாரு. மொதப் பட்டன அவங்கதான் அமுக்கணும். நாங்க தள்ளி நின்னு கைதட்டுவோம். நான் வேல செஞ்ச காலம் பூரா அப்பிடித்தான்."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"இந்த வீட்டு மெசினுக்கு நீதானே தாயி பட்டன அமுக்குற. அதான் அதுக்குப் பாத்து வச்சேன். மத்த எடமெல்லாம் சும்மா."

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. தேத்தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். எழுந்து போய்க் கம்பியூட்டரை முறைப்படி அணைத்தேன். ஊதுபத்திக் குச்சியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இந்தாங்க மாமா. நீங்க அமுக்குங்க."

அவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்துக்கொண்டார். குனிந்து, ஓட்டையைத் தேடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியால் குத்தினார். காற்றாடி சுற்றியது. அணையுமோ என்று நாங்கள் எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அணையவில்லை. என் வீட்டுக்காரர்தான் முதலில் கைதட்டினார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என்ன ஏதென்று தெரியாமலே, அக்காவும் தட்டினார்.

"இன்னொருக்கா அமுக்கட்டுமா தாயி?"

"அமுக்குனா அணைஞ்சிரும் மாமா."

"அப்ப வேணாம், வேணாம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுக் குச்சியைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

டிப்ளோமா கிடைத்தது. மடுவத்தில் என்னை நிரந்தரமாக்கியும் விட்டார்கள். கம்பியூட்டருக்குப் புதுப் பொத்தான் மட்டும் இன்னும் போடவில்லை. கடைக்காரர் வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், மாமாதான் எதற்கு வீண் அலைச்சல் என்கிறார். அதனால் எனக்கு எவ்வளவு அவசர வேலை இருந்தாலும், அவர் குளித்து, சட்டை மாற்றி, பையிலிருந்து குச்சியை எடுத்துக்கொண்டு வரும்வரை நான் மேசைக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.